சாமி அலுமாரியில் வைத்த பூத்தூள்

மனைவிக்கு இடது விலாப் பக்கம் அக்கி போட்டு மூன்று வருடங்களாகின்றன. கொப்புளங்கள் இரண்டு கிழமையில் காய்ந்து உதிர்ந்துவிட்டன. நோ மட்டும் போகவில்லை. பார்த்தால் சுகமான ஆள் போலத்தான் இருப்பாள். ஆனால் சட்டை உரசினாலே முகம் சுருங்கும். நோ நரம்பில் தங்கிவிட்டது என்று வைத்தியர் சொன்னார். அவர் தந்த குளிசைகளால் அவளுக்குத் தலை சுற்றியது. ஒரு நாள் வேலை செய்கிற இடத்தில் படியில் விழப் பார்த்ததால் கூட்டித் துடைக்கும் வேலையையும் விட்டுவிட்டாள். நித்திரை போனதுதான் எல்லாவற்றிலும் பெரிய கஷ்டம்.

கஞ்சாவில் செய்த மருந்து சிலருக்குக் கேட்கிறது என்று அதே வைத்தியர்தான் சொன்னார். அதற்குக் காசு கேட்டுக் காப்புறுதிக்கு அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் போட்டோம். இல்லையென்று கடிதம் வந்தது. அந்த வருடம்தான் வளர்ந்த ஆட்கள் வீட்டில் ஆளுக்கு மூன்று செடி வைக்கலாம் என்று இந்த ஜேர்மனியில் சட்டம் வந்தது. அதைக் கேட்டபோது என்னால் நம்ப முடியவில்லை. எங்களுடைய ஆட்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால், சொன்னவனை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதினேழு வயதில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய நாள் முதல், பொலிஸ் பிடிக்கிற எந்தக் காரியத்திலும் தலை வைக்கக் கூடாது என்பதையே பெரிய படிப்பாக வைத்திருந்தவன்.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் துணி தோய்த்துக் கொடுக்கும் ஒரு நிலையத்தில் வேலை செய்கிறேன். படுக்கை விரிப்புகளைச் சூட்டு உருளைக்குள் விடுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஒரு முனையையும் மற்றவர் மற்ற முனையையும் பிடித்து இழுத்து நேராக்கி உள்ளே விட வேண்டும். என் எதிர் முனையில் ஒன்பது வருடம் நின்றவர் ஒரு போலந்துக்காரர். நான் பேசாத ஆள், அவர் பேசுகிற ஆள். அதனால் சரிவந்தது. மனைவிக்கு நித்திரையில்லை என்று ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த கிழமை அவர் ஒரு கடுதாசியில் மடித்து ஏழு விதைகள் கொண்டுவந்து தந்தார். தன்னுடைய அக்காவுக்கு இந்த ஜாதிதான் கேட்டது என்றும் இதற்குப் பெயர் ஒன்றும் கிடையாது என்றும் சொன்னார். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

முதல் கோடையில் அதில் மூன்றைப் போட்டேன். தபாலில் வாங்கிய வேறு ஜாதி விதை ஒன்றையும் பக்கத்தில் வைத்தேன். போலந்துக்காரரின் விதைகளில் இரண்டு முளைத்தன. ஒன்று மற்றதைவிட உயரமாக வளர்ந்து, கணுக்களில் சின்னச் சின்ன உருண்டைகள் விட்டது. எனக்குச் சந்தோஷம். ஒவ்வொரு வருடமும் பல்கனியில் புடலங்காய்க்குப் புடோல் கொடி வைக்கிறவன் நான். மூன்றாம் மாடிக்குத் தேனீ வருவது குறைவு. பின்னேரத்தில் ஆண்பூவைப் பிய்த்துப் பெண்பூவில் தடவிவிடுவது என் வேலை. புடோலில் முதலில் ஆண்பூ வரும், கொஞ்ச நாளில் அதே கொடியில் பெண்பூ வரும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்து, அந்த உயரச் செடியில் பெண்பூ வருமென்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை விரிப்பின் இந்த முனையிலிருந்து போலந்துக்காரரிடம் சொன்னபோது அவர் தன் முனையைக் கைவிட்டுச் சிரித்தார். தோய்த்த விரிப்பு நிலத்தில் விழுந்துவிட்டது. அதைத் திரும்பவும் தோய்க்கப் போட வேண்டியதாயிற்று. “அது ஆம்பிளை,” என்றார். “அதில நீ கிறிஸ்மஸ் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாலும் ஒன்றும் வராது. உருண்டை வெடிக்க முதல் தூக்கி எறி. வெடித்தால் மற்றதில் விதை பிடித்துவிடும். விதை பிடித்தால் மருந்து குறைந்துவிடும்.”

அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. ஆண்பனை வேறு, பெண்பனை வேறு என்று தெரியாத யாழ்ப்பாணத்தான் உண்டா? இந்தச் செடி புடோலைப் போல இல்லை, பனையைப் போல. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு போலந்துக்காரர் தேவைப்பட்டார். வீட்டுக்கு வந்து ஆண்செடியைப் பிடுங்கி எறிந்தேன்.

மிஞ்சிய பெண்செடியின் பூவைக் காயவைத்து நெய்யில் காய்ச்சி வடித்து, வைத்தியரிடம் சொல்லிவிட்டு, படுக்க முதல் பாலில் கொஞ்சம் விட்டுக் கொடுத்தேன். அந்தக் குளிர்காலம் அவள் நித்திரை கொண்டாள். காலையில் குசினிக்கு வரும்போது விலாவில் கை வைக்காமல் வருவாள். அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். தபால் விதையில் வந்த செடியிலும் அப்படியே செய்து கொடுத்தேன். அது நெஞ்சுப் படபடப்பைத் தந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, இதை இனித் தராதேங்கோ என்றாள். ஆகவே எங்களுக்கு அந்தப் பெயரில்லாத ஜாதிதான் வேண்டும்.

அடுத்த வசந்தத்தில் நெய் முடிந்தது. போலந்துக்காரர் பென்ஷன் எடுத்துக்கொண்டு தன் ஊருக்குப் போய்விட்டார். அவர் தந்த தொலைபேசி இலக்கத்துக்கு அடித்தால் ஒரு பெண்குரல் ஏதோ ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னது. கடுதாசியில் நான்கு விதைகள் இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டு இருந்தபோதுதான் உறைத்தது. ஆண்செடியைத் தூக்கி எறிந்தால் விதையில்லை. எறியாவிட்டால் மருந்தில்லை. இந்த நான்கும் முடிந்தால் அவளுடைய நித்திரையும் முடிந்தது.

நான்கையும் போட்டேன். மூன்று முளைத்தன. டிரெஸ்டனில் படிக்கிற மகளிடம் தொலைபேசியில் சட்டத்தைக் கேட்டேன். ஒருவர் வளர்த்ததை இன்னொருவருக்குக் கொடுக்க ஏலாது, பெண்சாதியாக இருந்தாலும் சரிவராது என்று சொன்னாள். அதனால் சாடிகளில் பெயர் எழுதி ஒட்டினேன். கடைசியில் பார்த்தால் மனைவியின் பெயர் ஒட்டிய இரண்டும் பெண், என் பெயர் ஒட்டியது ஆண். மகள் லீவில் வந்தபோது அந்த ஒட்டுக்கடுதாசிகளைப் பார்த்துச் சிரித்தாள். “அப்பா, ஆம்பிளையும் சட்டத்தில ஒரு செடிதான். நீங்கள் உங்கட கணக்கில ஒண்டுக்கும் உதவாததை வைச்சிருக்கிறியள்,” என்றாள். உதவாதது இல்லை என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் ஆண்பூ பெண்பூக் கதையை மகளிடம் எப்படிச் சொல்வது?

மனைவியிடமும் சொல்லவில்லை. அதற்கு வெட்கம் மட்டும் காரணம் இல்லை. சொன்னால் அவள் பயப்படுவாள், இந்த வருட மருந்தை வைத்து விளையாட வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். நான் நினைத்த காரியம் சின்னது. ஒரே ஒரு கொப்பில் மட்டும் பூத்தூளைத் தடவ வேண்டும். அந்தக் கொப்பில் விதை, மிச்சமெல்லாம் மருந்து. புடோலில் இருபது வருடம் செய்த வேலைதானே.

ஒருவர் இதைச் செய்து காட்டும் ஜேர்மன் வீடியோ ஒன்றை பஸ்ஸில் சத்தத்தைக் குறைத்துப் பல தடவை பார்த்தேன். பாதிதான் விளங்கியது. ஆண்செடியைத் தனி அறையில் வைக்க வேண்டும். தூளோடு வறுத்த மாவைக் கலக்கலாம். ஈரம் பட்டால் தூள் செத்துவிடும். உலர்ந்த, இருட்டான, ஒருவர் கையும் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

ஆவணி தொடங்க, ஆண்செடியை யன்னல் இல்லாத கக்கூசுக்குள் கொண்டுபோய் வைத்தேன். பூச்சி பிடித்ததைத் தனியே வைத்திருக்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். கீழே பேக்கிங் கடுதாசியை விரித்து, இரண்டு நாள் தட்டித் தட்டிச் சேர்த்தேன். இளமஞ்சள் தூள் ஒரு கரண்டி அளவு வந்தது. பிறகு செடியை வெட்டிப் பையில் கட்டி எறிந்துவிட்டு, தலை முழுகி, உடுப்பை மாற்றினேன். புட்டுக்கு அவித்து வைத்த கோதுமை மாவில் கொஞ்சம் எடுத்துச் சட்டியில் வறுத்து ஆறவிட்டுத் தூளோடு கலந்தேன். வெள்ளையும் மஞ்சளும் சேர்ந்து மங்கலான ஒரு நிறம் வந்தது.

எங்கே வைப்பது? குளிர்ப்பெட்டியில் எல்லாம் ஈரம். மற்ற எல்லா அலுமாரியும் மனைவி திறக்கிற அலுமாரி. எங்கள் வீட்டில் உலர்ந்த, இருட்டான, ஒருவரும் கை வைக்காத இடம் சாமி அலுமாரி ஒன்றுதான். நோ வந்த பிறகு அவளால் குனிந்து விளக்கு வைக்க ஏலவில்லை. இரண்டு வருடத்துக்கு மேலாக வெள்ளிக்கிழமைகளில் நான்தான் வைக்கிறேன். திருநீறு, சந்தனம், குங்குமம் வைக்கிற சில்வர் சிமிழ்கள் நான்கு ஒரே மாதிரி வாங்கியவை. அதில் ஒன்று வெறுமையாக இருந்தது. தூளை அதில் போட்டு மூடி, படங்களுக்குப் பின்னால் வைத்தேன். சனிக்கிழமை எனக்கு லீவு. அன்று ஒரு சின்னத் தூரிகையால் கொப்பில் தடவுவது என்று தீர்மானம்.

வெள்ளிக்கிழமை காலை வேலை முடித்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் சாம்பிராணி மணம். மனைவி தலை முழுகி, சேலை கட்டி, நிமிர்ந்து நின்றாள். அவள் சேலை கட்டி எத்தனையோ மாதம். நேற்றைக்கு நல்லாய் இருந்தது, காலையிலும் நல்லாய் இருந்தது, நானே விளக்கு வைத்தேன் என்று சொல்லிக்கொண்டு தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். எனக்குக் கண் கலங்கியது. தேத்தண்ணியை வாங்கும்போதுதான் அவளுடைய நெற்றியைப் பார்த்தேன்.

மங்கலான மஞ்சள் பூச்சு. நெற்றியிலும் தொண்டையிலும்.

“உது எந்தக் கோயில் திருநீறு?” என்று அவள் கேட்டாள். “சந்தனம் கலந்ததாக்கும், நல்ல நைசு. ஏன் பின்னால ஒளிச்சு வைச்சனீங்கள்?”

நான் தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்தேன்.

“செடியளுக்கும் ஒரு நுள்ளுப் போட்டுவிட்டனான். அதுகளாலதானே நான் போன மாரிகாலம் நித்திரை கொண்டனான்.”

புதுக் கார் வாங்கினால் அதற்குத் திருநீறு பூசுகிற ஆட்கள் நாங்கள். அவள் செய்ததில் பிழையில்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டுப் பல்கனிக்குப் போனேன். இரண்டு செடிகளிலும் உச்சியிலிருந்து அடி வரைக்கும் மெல்லிய தூள் படிந்திருந்தது. ஒரு நுள்ளு என்றாளே தவிர, மனம் நிறைந்து தூவியிருக்கிறாள். பிறகு பார்த்தால் பாதிச் சிமிழ் முடிந்திருந்தது.

ஈரம் பட்டால் செத்துவிடும் என்று வீடியோவில் சொன்னது ஞாபகம் வந்தது. யன்னல் துடைக்கிற தண்ணீர்ப் போத்தலை எடுத்து முதல் செடிக்குப் பீச்சத் தொடங்கினேன். இலைகளிலிருந்து மா கரைந்து பால் போல வடிந்தது. அவள் பின்னால் வந்து நின்றாள்.

“என்னப்பா செய்யிறியள்? இப்பதான் திருநீறு போட்டனான். உடன குளிக்க வார்க்கிறியளே?”

“பூச்சி,” என்றேன்.

“சாமி கும்பிட்டுப் போட்ட செடியிலயோ பூச்சி? விடுங்கோ. எனக்கு மனசுக்குக் கஷ்டமாய் இருக்கு.”

போத்தலை வைத்துவிட்டேன். இரண்டாவது செடிக்கு ஒரு சொட்டும் போகவில்லை. அத்தனை நாள் கழித்து எழும்பி விளக்கு வைத்தவளிடம், உன் நெற்றியில் இருப்பது திருநீறு இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

அடுத்த இரண்டு கிழமையும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீர் தூளைக் கொன்றிருந்தால் விதையே இல்லை, அந்த ஜாதி இத்தோடு சரி. கொல்லாவிட்டால் எல்லாம் விதை, அவளுக்கு இந்தக் குளிர்காலம் நித்திரையில்லை. எதற்காகப் பயப்படுவது என்று கூடத் தெரியாமல் பயந்துகொண்டிருந்தேன். ஒரு மனம் தடவு என்றது, ஒரு மனம் தொடாதே என்றது. மூன்றாம் நாளே சிமிழில் மிஞ்சிய தூளை, கழுவிய செடியின் அடிக்கொப்பு ஒன்றில் மட்டும் தடவி, அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டினேன். அது சரியா பிழையா என்று இன்றைக்கும் தெரியாது. வேலையில் எதிர் முனையில் இப்போது ஒரு புதிய பெண் நிற்கிறாள். அவளிடம் இதைக் கேட்க முடியுமா? விரிப்புகளைக் கோணலாக விட்டு இரண்டு தடவை பேச்சு வாங்கினேன்.

பதினைந்தாம் நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கழுவாத செடியில் ஒவ்வொரு பூவின் அடியும் பொம்மியிருந்தது. விரலால் அமர்த்தினால் உள்ளே கடினமாக ஏதோ தட்டுப்பட்டது. கழுவிய செடியில் நூல் கட்டிய கொப்பிலும், வேறு அங்கொன்று இங்கொன்றாகவும் இருந்தது. மனைவி கழுவாத செடியைக் காட்டி, பாத்தியளே, நீங்கள் தண்ணி ஊத்தாமல் விட்டது எப்படி நிறைஞ்சு நிக்குது என்று சந்தோஷப்பட்டாள். நானும் தலையாட்டினேன்.

ஐப்பசியில் வெட்டிக் காயவைத்தோம். ஒரு ஞாயிறு காலை, குசினி மேசையில் சுளகை வைத்து, அரிசியில் கல் பொறுக்குவது போல இரண்டு பேரும் பூவைப் பிய்த்து விதை பொறுக்கினோம். போன வருடம் ஒரு விதையும் இருக்கவில்லையே என்று அவள் கேட்டாள். நான் குனிந்துகொண்டு பொறுக்கினேன். திரும்பவும் கேட்டாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு விதை, போலந்துக்காரர், கக்கூசுக்குள் வைத்த ஆண்செடி, வறுத்த மா, நான்காவது சிமிழ். சுளகைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

அவள் கையை எடுத்துவிட்டாள்.

“நோ என்ர, நித்திரை என்ர, செடியில ஒட்டின பேரும் என்ர,” என்றாள். “எனக்கு மட்டும் சொல்லேல்லை.”

“நீர் பயப்படுவீர் எண்டு...”

“பயந்தது நீங்கள்.”

அவள் எழும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் பொறுக்கத் தொடங்கினாள். பிறகு தானாகவே நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“அதைப் பூசிக்கொண்டு நான் அண்டைக்குக் கடைக்கும் போய் வந்தனான்,” என்றாள். இன்னும் ஒரு பிடி பொறுக்கிய பிறகு சொன்னாள்: “அப்ப உதுகளுக்குக் கலியாணம் செய்து வைச்சது நான்தான். மாப்பிளை வீட்டுக்காரர் ஒளிச்சு வைச்சிருக்கினம், பொம்பிளை வீட்டுக்காரி முன்னுக்கு நிண்டு நடத்திப்போட்டாள்.” நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் அவளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் கோபமும் முகத்தில் இல்லை.

விதை ஒரு ஜாம் போத்தல் நிறைய வந்தது. கழுவிய செடியின் பூ மூன்று போத்தல். விதை பிடித்த செடியிலிருந்து, பொறுக்கிக் கழித்தது போக, முக்கால் போத்தல்.

இரண்டையும் தனித்தனியாக நெய்யில் காய்ச்சினேன். முதலில் கழுவிய செடியின் நெய். ஒரு கிழமை கொடுத்தேன். காலையில் அவள் குசினிக்கு வரும்போது கை விலாவிலேயே இருந்தது. பரவாயில்லை என்றாள். அந்தப் பரவாயில்லை எனக்குத் தெரியும். எட்டாம் நாள் மற்ற நெய்யைக் கொடுத்தேன். மறுநாள் ஏழு மணிக்கும் அவள் எழும்பவில்லை. எட்டு மணிக்கும் எழும்பவில்லை. நான் இரண்டு தடவை கதவடியில் போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். எட்டரைக்கு வந்தாள். இரண்டு கையாலும் தலைமயிரை அள்ளி முடிந்துகொண்டு வந்தாள்.

“இதுதான்,” என்றாள். “போன வரியத்து நித்திரை.”

எனக்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. கேட்கிற மருந்து முக்கால் போத்தல். கேட்காதது மூன்று போத்தல். கேட்கிற செடியின் விதையோ பத்து வருடத்துக்குத் தாராளமாய்க் காணும். அன்று அவள் பேச்சைக் கேட்காமல் இரண்டாவது செடியையும் கழுவியிருந்தால் இந்தக் குளிர்காலம் முழுக்க நித்திரை இருந்திருக்கும், அந்தச் செடியில் ஒரு விதையும் இருந்திருக்காது. முதல் செடியைக் கழுவாமல் விட்டிருந்தால் என்ன என்று யோசித்தால் தலை இன்னும் குழம்புகிறது. மகளைக் கேட்டேன். விதையில் வருவது தாயைப் போலவும் வரலாம், தகப்பனைப் போலவும் வரலாம், போட்டுப் பார்த்தால்தான் தெரியும் அப்பா என்றாள். அந்தத் தகப்பனின் குணம் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதை நான் வெட்டி எறிந்துவிட்டேன்.

மனைவிதான் தீர்மானித்தாள். நல்ல நெய் கிழமையில் இரண்டு நாள், நோ கூடிய நாட்களில் மட்டும். மிச்ச நாட்களைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். வசந்தத்தில் அவள் பெயரில் மூன்று, என் பெயரில் மூன்று. எந்தச் செடியை எறிவது, எந்தச் செடியை வைப்பது என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்பது.

பிறகு ஜாம் போத்தலிலிருந்து நல்ல கறுத்த விதைகளாக ஒரு பிடி எடுத்து, அதே நான்காவது சிமிழில் போட்டு மூடினாள். சாமி அலுமாரியைத் திறந்து படங்களுக்கு முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, “எழுதி ஒட்டுங்கோ,” என்றாள்.

சாடிகளில் ஒட்டிய பெயர்களைத் தவிர நான் எழுதி எவ்வளவு காலம். ஒட்டுக்கடுதாசியில் பெரிய எழுத்தில் ‘விதை’ என்று எழுதினேன். அவள் பார்த்துவிட்டு, இது காணாது, இன்னும் எழுதுங்கோ என்றாள். அதற்குக் கீழே ‘திருநீறு இல்லை’ என்றும் எழுதி ஒட்டினேன்.